விளையாட்டுப் பெட்டியா, கம்ப்யூட்டரா?



சென்ற இதழில் அரிசி, பருப்பில் வண்டு விழாமல் பாதுகாப்பது பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை அடுப்படியை விட்டுக் கூடத்துக்கு வருகிறேன். 'இவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை?' என்று நினைத்து விடாதீர்கள். இது அறுபதாயிரம் ரூபாய் விவகாரம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் ஒரு பெட்டிக்குப் போகப் போகிறது என்றால், அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாமா?

விஷயம் இதுதான். இருபது மாதம் கட்டிய ஏலச்சீட்டு போன மாதம் கைக்கு வந்தது. மகள் கல்லூரியில் மூன்றாம் வருஷம், கம்ப்யூட்டர் பாடம்தான் எடுத்திருக்கிறாள். அவளிடம் இருப்பதோ என் நாத்தனார் மகளுக்கு 2013-ல் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி. இரண்டு எழுத்துப் பொத்தான் உதிர்ந்து போய், பாட்டரி செத்துப் போய், ஒயரை மாட்டினால்தான் உயிர் வரும். மகன் பிளஸ் ஒன். எங்கள் வீட்டுக்காரர் இங்கே கட்டுமாவடியில் மீன் கமிஷன் கடை வைத்திருக்கிறார். ஏலக் கணக்கு முழுக்க இன்னமும் நீளநோட்டில்தான்.

பணம் வந்த அன்றைக்கே மகன் ஆரம்பித்து விட்டான்.

"அம்மா, பிளேஸ்டேஷன் 5 வாங்கலாம்மா. அதுவும் கம்ப்யூட்டர்தான். இதே விலைக்கு இவ்வளவு வேகமான கம்ப்யூட்டர் எங்க தேடினாலும் கிடைக்காது."

"அதுல நான் புராஜெக்ட் பண்ண முடியுமாடா? டிகிரி உன் விளையாட்டுப் பெட்டியா குடுக்கும்?" என்று மகள்.

"ரெண்டும் வேணாம். கடைக்கு ரெண்டு ஐஸ் பெட்டி வாங்கிப் போட்டா நாலு காசு வரும்" என்று அவர்.

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கோ ஒரு பழைய சூடு நினைவுக்கு வந்தது.

சட்டை மாற்றிய பெட்டி

2011-ஆம் வருஷம். மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். பக்கத்து ஊர்ப் பொருட்காட்சியில் ஒரு கடைக்காரர், "குழந்தைங்களுக்கான கம்ப்யூட்டர்! கீபோர்டு இருக்கு, மவுஸ் இருக்கு, டிவியில மாட்டினா போதும்" என்று கூவிக் கொண்டிருந்தார். விலை ஆயிரத்து நானூறு. வீட்டுக்காரரிடம் கூடச் சொல்லாமல், மளிகைப் பணத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்து வாங்கி வந்தேன். என் பெண் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறாள் என்று தெருவெல்லாம் பெருமையடித்துக் கொண்டேன்.

மாட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்துக்களைத் தட்டலாம். கூட்டல் கழித்தல் போடலாம். ஆனால் நிறுத்தி விட்டு மறுபடி போட்டால் தட்டியதெல்லாம் மாயம்! எதையும் சேர்த்து வைக்க வழியில்லை. கூடக் கொடுத்த கேசட்டைச் செருகினால் மீசைக்காரர் ஒருவர் காளான் மேல் குதித்து ஓடுகிறார்.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த என் தம்பி அதைப் பார்த்து விட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, இது சித்தப்பா நமக்கு வாங்கிட்டு வந்த அதே டிவி கேம்தான். சட்டையை மாத்திப் போட்டிருக்கு, அவ்வளவுதான்!"

1992-ல் எங்கள் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த அந்த டிவி கேமை நான் மறக்கவில்லை. தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதன் மூலப்பெட்டி ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'. தைவானிலும் சீனாவிலும் அதற்கு எத்தனையோ நகல்கள் செய்து உலகமெல்லாம் அனுப்பினார்கள். நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அந்த நகல்கள்தாம். நான் கம்ப்யூட்டர் என்று நம்பி வாங்கியதும் கீபோர்டு ஒட்டிய அதே நகல்தான்.

ஆயிரத்து நானூறு ரூபாய் பாடம். ஆகவே இந்தத் தடவை, விவரம் தெரிந்து கொள்ளாமல் சல்லிக்காசு கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். மகளையும் மகனையும் இரண்டு பக்கமும் உட்கார வைத்துக் கொண்டு, "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. எனக்குப் புரிஞ்ச பிறகுதான் பணம்" என்று சொல்லி விட்டேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த எனக்குப் புரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

முதலில் ஒரு ஆச்சரியம். மகன் சொன்னதில் உண்மை இருக்கிறது. விளையாட்டுப் பெட்டியும் கம்ப்யூட்டரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தாம்.

1975-ல் அமெரிக்காவில் 6502 என்று ஒரு சில்லு வந்தது. கம்ப்யூட்டரின் மூளை என்று சொல்கிறோமே, அது. மலிவான சில்லு. 1977-ல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் அதுதான் மூளை. அதே வருஷம் வந்த அட்டாரி விளையாட்டுப் பெட்டியில் அதையே கொஞ்சம் சுருக்கிப் போட்டார்கள். நிண்டெண்டோவின் ஃபேமிலி கம்ப்யூட்டரில் இருந்ததும் அதே வம்சத்துச் சில்லுதான். 1984-ல் நம் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்க ஆரம்பித்ததே, அப்போது கொடுத்த பிபிசி மைக்ரோவுக்கும் மூளை 6502தான்! பள்ளிக்கூடத்தில் பயபக்தியோடு செருப்பைக் கழற்றி விட்டுப் போய்ப் பார்த்த கம்ப்யூட்டரும், வீட்டில் "கண்ணு கெட்டுப் போகும்" என்று திட்டு வாங்கிய டிவி கேமும் அண்ணன் தம்பிகள்.

பிறகு வித்தியாசம் எங்கே? மூளைக்கு வெளியே. பிபிசி மைக்ரோவில் வேலை செய்வதற்கான நினைவிடம் 32 கிலோபைட். ஃபேமிலி கம்ப்யூட்டரில் 2 கிலோபைட்தான். இந்தக் கட்டுரையில் ஒரு பெரிய பத்தியைக்கூட அதில் முழுசாக வைக்க முடியாது! அதற்குப் பதிலாகப் படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு சில்லு வைத்தார்கள். மீசைக்காரர் குதிக்கும்போது மூளை கஷ்டப்பட வேண்டாம். "இந்தப் பொம்மையை அங்கே நகர்த்து" என்று சொன்னால் போதும், படச்சில்லு பார்த்துக் கொள்ளும். விளையாட்டு முழுக்க கேசட்டிலேயே அச்சாகி வந்து விடும். பெட்டி அதைப் படிக்கும். எழுதிச் சேர்த்து வைக்காது. கம்ப்யூட்டரில் நாமே எழுதலாம், சேர்த்து வைக்கலாம். அன்றைக்கு என் மகள் தட்டிய எழுத்து ஏன் மாயமானது என்று இத்தனை வருஷம் கழித்துப் புரிந்தது.

எங்கள் ஊரில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் படகில் ஜிபிஎஸ் கருவி வைத்திருக்கிறார்கள். அதுவும் உள்ளுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். ஆனால் வழி காட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. அதனாலேயே போட்ட உடனே வேலை செய்யும். நடுவில் மக்கர் பண்ணாது. விளையாட்டுப் பெட்டியும் அப்படித்தான். ஒரே வேலை, அதைத் திருத்தமாகச் செய்யும். கம்ப்யூட்டர் நம்மைப் போல. சமையலும் பார்க்கும், கணக்கும் பார்க்கும், பிள்ளைக்குப் பாடமும் சொல்லிக் கொடுக்கும். சில சமயம் எல்லாவற்றிலும் தடுமாறும்.

கோலம் போடும் கூட்டம்

இன்றைய பெட்டிக்குள் என்ன இருக்கிறது? நான் அடுப்படிக் கணக்கில் புரிந்து கொண்டேன்.

மூளைச் சில்லு என்பது கைதேர்ந்த சமையற்காரர். எந்த வேலை கொடுத்தாலும் யோசித்துச் செய்வார். நினைவிடம் என்பது சமையல் மேடை. மேடை பெரிசாக இருந்தால் நாலு காரியத்தைப் பக்கத்தில் பரப்பி வைத்துக் கொண்டு சட்டென்று முடிக்கலாம். சேமிப்புத் தட்டு என்பது சாமான் அறை. கரண்ட் போனால் மேடையில் இருந்தது போய் விடும். சாமான் அறையில் இருப்பது போகாது.

படச்சில்லு? அதுதான் கோலம் போடும் கூட்டம். திரை முழுவதும் புள்ளிகள்தாமே! எங்கள் பழைய டிவி கேம் படத்தில் அறுபத்தோராயிரத்துச் சொச்சம் புள்ளிகள். இப்போது 4கே என்று விற்கிற டிவியில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். அத்தனைக்கும் நிறம் கொடுத்து, விநாடிக்கு 60 தடவை கோலத்தை அழித்து அழித்துப் போட வேண்டும். கைதேர்ந்த ஒரே ஒரு சமையற்காரரால் ஆகிற காரியமா? சுமாராகப் புள்ளி வைக்கத் தெரிந்த ஆயிரம் பேர் வேண்டும். பிளேஸ்டேஷன் 5-ன் படச்சில்லுக்குள் அப்படி 2304 சின்னக் கணக்கர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து விநாடிக்குச் சுமார் 10 லட்சம் கோடி கணக்குப் போடுகிறார்களாம். கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது.

அந்தப் பெட்டியின் மூளையும் படச்சில்லும் ஏஎம்டி என்ற அமெரிக்கக் கம்பெனி வடிவமைத்தவை. கடையில் விற்கிற கம்ப்யூட்டர்களுக்கும் மூளை செய்து கொடுக்கிறது அதே கம்பெனி. 2001-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதல் எக்ஸ்பாக்ஸிலேயே இன்டெல் பென்டியம் 3 மூளையும் 64 மெகாபைட் நினைவிடமும் கம்ப்யூட்டரில் இருப்பது போல ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4-லிருந்து சோனியும் கம்ப்யூட்டர் வகை மூளைக்கே வந்து விட்டது. ஆக, 'உள்ளே இருப்பது வேறு ஜாதிச் சரக்கு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு வித்தியாசம் மட்டும் சொல்ல வேண்டும். பிளேஸ்டேஷன் 5-ல் 16 கிகாபைட் நினைவிடம். சமையற்காரருக்கும் கோலக் கூட்டத்துக்கும் அது ஒன்றே பொது மேடை. மிக வேகமான மேடை. ஒருவர் வைத்ததை இன்னொருவர் அப்படியே எடுத்துக் கொள்ளலாம். விளையாட்டுக்கென்று செய்யும் கம்ப்யூட்டரில் சமையற்காரருக்கு ஒரு மேடை. தனியாகப் போடும் கிராபிக்ஸ் அட்டைக்குச் சொந்தமாக இன்னொரு மேடை. சாமானை அங்கும் இங்கும் தூக்கிக் கொண்டு ஓட வேண்டும். நாம் வாங்குகிற சாதாரணக் கம்ப்யூட்டரிலோ தனி அட்டையே கிடையாது. மூளைக்குள்ளேயே சின்னக் கோலக் கூட்டம் மாதிரி ஒன்று இருக்கும். பாடம், கணக்கு, சினிமாப் பார்ப்பதற்கு அது தாராளம். பெரிய விளையாட்டுக்குத் திணறும்.

விலையின் சூட்சுமம்

அறந்தாங்கியில் விசாரித்தோம். பிளேஸ்டேஷன் 5 அளவுக்கு வேகம் வேண்டுமென்றால், தனி கிராபிக்ஸ் அட்டை போட்டு, மானிட்டரும் சேர்த்து, எழுபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது என்றார்கள். மகன் என்னைப் பார்த்து, "நான் சொன்னேன்ல?" என்றான். சொன்னது சரிதான். ஒத்துக் கொண்டேன்.

ஆனால் நான் மளிகைக்கடைக்காரரிடம் இருபத்தைந்து வருஷம் பேரம் பேசியவள். ஒரு பொருள் அளவுக்கு மீறி மலிவாக வந்தால், 'இவனுக்கு லாபம் வேறெங்கே?' என்று கேட்பேன். அதையே இங்கேயும் கேட்டேன்.

லாபம் விளையாட்டில் இருக்கிறது! 2006-ல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது, செய்த செலவை விடக் குறைவான விலைக்கே பெட்டியை விற்றார்கள். பிறகு விற்கிற ஒவ்வொரு விளையாட்டிலும் சோனிக்கு ஒரு பங்கு உண்டு. பெட்டிக்குள் போகிற எந்த விளையாட்டும் அவர்கள் அனுமதி இல்லாமல் போகாது.

இதைச் சொன்னதுமே அதுவரை பேப்பர் படித்துக் கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, இது நம்ம முன்பணம் மாதிரியில்ல!"

சரியாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் படகு வாங்க, வலை வாங்கக் கமிஷன் கடையிலிருந்து முன்பணம் கொடுப்பார்கள். வட்டி கேட்க மாட்டார்கள். ஆனால் பிடித்து வருகிற மீனை அந்தக் கடையில்தான் போட வேண்டும். படகு சல்லிசாகக் கிடைத்த மாதிரி இருக்கும். கமிஷன் வருஷக் கணக்கில் போய்க் கொண்டே இருக்கும். விளையாட்டுப் பெட்டி வியாபாரமும் அதே கணக்கு.

நம் நாட்டில் பிளேஸ்டேஷன் 5 விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரி 2-ந் தேதி. தட்டு போடும் வசதியுள்ள பெட்டி அப்போது 49,990 ரூபாய். பெரிய புது விளையாட்டு ஒன்று அப்போது 4,999. பத்து விளையாட்டு வாங்கினால் இன்னொரு பெட்டி விலை! பிள்ளைகள் நெட்டில் சேர்ந்து விளையாட வேண்டுமானால் பல விளையாட்டுக்களுக்குத் தனியாகச் சந்தா வேறு. கம்ப்யூட்டரில் அந்தச் சந்தா கிடையாது. பழைய விளையாட்டுக்கள் சல்லிசாகவும் கிடைக்கும்.

நியாயத்துக்கு மறுபக்கமும் சொல்ல வேண்டும். தட்டில் வாங்கிய விளையாட்டை முடித்து விட்டு விற்கலாம், கைமாற்றிக் கொள்ளலாம். அத்தோடு, பிளேஸ்டேஷன் 3 வந்தது 2006, அடுத்தது 2013, அதற்கடுத்தது 2020. ஏழு வருஷத்துக்கு ஒன்று. நடுவில் வருகிற விளையாட்டெல்லாம் அந்தப் பெட்டிக்குப் பொருந்துகிற மாதிரியே செய்வார்கள். 'மேடை போதவில்லை, அட்டை போதவில்லை' என்று இடையில் செலவு வைக்காது. விளையாட்டு ஒன்றுதான் தேவை என்கிற வீட்டுக்கு, மனசாட்சிப்படி சொன்னால், பெட்டிதான் லாபம்.

பூட்டிய கதவு

மகள் சொன்ன ஒரு சம்பவம்தான் என் மனதில் தைத்தது. பிளேஸ்டேஷன் 3-ல் ஆரம்பத்தில் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் முறையை ஏற்றிக் கொள்ள இடம் கொடுத்திருந்தார்கள். அதாவது விளையாட்டுப் பெட்டியை நிஜமான கம்ப்யூட்டராகவும் உபயோகிக்கலாம். அதன் மூளையோ அபார மூளை. சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்று கம்பெனியும் சேர்ந்து செய்தது. விலையும் மலிவு. அமெரிக்க விமானப்படை என்ன செய்தது தெரியுமா? 1700-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை வாங்கி, ஒன்றோடொன்று இணைத்து, 2010-ல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரையே செய்து விட்டது!

ஆனால் அதே 2010 ஏப்ரலில் சோனி அந்த வசதியை எடுத்து விட்டது. பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள். நெட் வழியாக வந்த புது மாற்றத்தை ஏற்றுக் கொண்டால் லினக்ஸ் போய் விடும். ஏற்காவிட்டால் நெட்டில் விளையாட முடியாது. காசு கொடுத்து வாங்கி நம் வீட்டில் வைத்திருக்கிற பெட்டி, ஆனால் எந்தக் கதவைத் திறக்கலாம் என்பதை அவர்கள் முடிவு செய்கிறார்கள்!

மாறாக, தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தைப் பாருங்கள். என் நாத்தனார் மகளின் அந்தப் பழைய பெட்டியில் விண்டோஸும் இருக்கிறது, நம் நாட்டிலேயே செய்த பாஸ் லினக்ஸும் இருக்கிறது. அவள் அதில் பிளஸ் டூ படித்து, பி.காம். முடித்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டு, இன்று திருப்பூரில் கணக்கு எழுதுகிறாள். அப்புறம் என் மகள் அதில் புரோகிராம் எழுதக் கற்றுக் கொண்டாள். வேகத்தில் அது பிளேஸ்டேஷன் 5-க்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனாலும் இரண்டு பெண்களைக் கரையேற்றியிருக்கிறது. வேகம் வேறு, உபயோகம் வேறு என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

உப்புக் காற்றும் கரண்டும்

இனி நம் வேலைக்கு வருவோம். பெட்டி எதுவானாலும் காப்பாற்றுவது நாம்தானே! கடற்கரையில் குடியிருக்கிறவர்களுக்கு உப்புக் காற்று ஒரு சத்துரு. ஃப்ரிட்ஜின் முதுகு எப்படித் துருப்பிடிக்கிறது, பாருங்கள். இந்தப் பெட்டிகளோ காற்றாடி வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுத்து விடுகின்றன. எங்கள் பழைய டிவி கேமைப் பரண்மேல் பத்திரமாக வைத்திருந்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைப் பிய்த்துக் கொண்டு போனபோது நனைந்து போயிற்று. திறந்து பார்த்தால் பச்சைப் பச்சையாகப் பூத்துக் கிடந்தது.

* பெட்டியின் மேல் பூவேலை செய்த துணி போர்த்தும் ஆசையை விட்டு விடுங்கள். ஓடும்போது கண்டிப்பாகப் போர்த்தக் கூடாது. சூடு வெளியேற நாலு பக்கமும் நாலு விரற்கடை இடம் வேண்டும். உபயோகிக்காத நேரத்தில், சூடு ஆறிய பிறகு மூடி வைக்கலாம்.

* கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். தரையிலும் வேண்டாம்; தூசி உள்ளே போகும்.

* அந்தக் காலத்தில் கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதுவோமே, அது தப்பு. வாய்க் காற்றின் ஈரம் செம்புப் பற்களை அரிக்கும். உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

* கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் அவசியம். திடீரென்று கரண்ட் போனால் செய்த வேலை போவதோடு சேமிப்புத் தட்டும் கெடலாம். விளையாட்டுப் பெட்டிக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

* பிளேஸ்டேஷன் 5-ல் பெரிய விளையாட்டு ஆடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட், டிவி தனி. சாதாரண மடிக்கணினிக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது.

கண்ணும் தூக்கமும்

பெட்டியை விடப் பிள்ளை முக்கியம். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, அதனால்தான் எரிச்சல். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது, 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் தென்னை மரம் தெரியும். "தென்னையைப் பாருடா" என்று குரல் கொடுப்பேன்.

விளையாட்டுப் பழக்கம் வியாதியாவதை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பையன் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆடினான் என்பதற்காக அவனை நோயாளி ஆக்கி விடாதீர்கள். நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே பெரிசாவது, படிப்பும் உடம்பும் கெடுவது தெரிந்தும் தொடர்வது - இவை பொதுவாக ஒரு வருஷ அளவுக்கு நீடித்தால்தான் அந்தப் பெயர். அதற்கு முன்பே தூக்கமும் சாப்பாடும் குறைகிறதா என்று பார்த்தாலே தாய்க்குத் தெரிந்து விடும்.

கடைசியில் என்ன வாங்கினோம்?

எல்லாம் கேட்டு முடித்த பிறகு மகனைத் தனியாக அழைத்துச் சொன்னேன். "நீ சொன்ன கணக்கு சரிடா. வேகத்துக்கு அந்தப் பெட்டிதான். ஆனா வீட்டுல நாலு பேருக்கு வேலை இருக்கு. அது ஒருத்தருக்கு மட்டும்தான் சமைச்சுப் போடும்."

அவன் பதில் பேசவில்லை. மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. பிள்ளை சொன்னது பொய்யாக இருந்தால் மறுப்பது சுலபம். சரியாகச் சொன்ன பிள்ளைக்கு இல்லை என்பது கஷ்டம்.

அறந்தாங்கியில் ஒரு கடையில் பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்து தரும் மேஜைக் கம்ப்யூட்டர் வாங்கினோம். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லை. 16 கிகாபைட் நினைவிடம், 512 கிகாபைட் சேமிப்பு. யூபிஎஸ் உள்பட நாற்பத்தெட்டாயிரம் ஆயிற்று. மகள் சொல்லி ஒரு காரியம் செய்தோம். பின்னால் அட்டை போடுவதற்குத் தாங்குகிற மாதிரி பவர் சப்ளையைக் கொஞ்சம் பெரிசாகவே போடச் சொன்னோம். மிச்சத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கு, விளையாட்டுப் பெட்டியில் உள்ளது போன்ற கைப்பிடி ஒன்று. அதைக் கம்ப்யூட்டரில் மாட்டி, கம்ப்யூட்டரை ஒயர் வழியாக டிவியோடு இணைத்து விட்டால், பழைய விளையாட்டுக்களைக் கூடத்தில் உட்கார்ந்தே ஆடலாம். மீதியில் ஒரு ஐஸ் பெட்டியும் வந்தது; இல்லாவிட்டால் அவர் சும்மா விடுவாரா?

ஞாயிற்றுக்கிழமை மகன் கைப்பிடியை எடுத்தான். கொஞ்ச நேரம் ஆடி விட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்லம்மா" என்றான். "தெரியும்டா" என்றேன். வேறென்ன சொல்ல?

இப்போது சாயங்காலம் அப்பாவுக்கு ஏலக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது அவன்தான். அதற்கு மாதம் ஐந்நூறு ரூபாய் அவர் கொடுக்கிறார். கிராபிக்ஸ் அட்டைக்கென்று ஒரு டப்பாவில் போட்டு வருகிறான். டப்பா என் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

நம் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் கையில் பணம் இல்லாவிட்டாலும், மேலே மாடி எடுக்கலாம் என்று தளத்தில் கம்பியை நீட்டி விட்டு வைப்பார்களே, பார்த்திருப்பீர்கள். விளையாட்டுப் பெட்டி முடித்துக் கொடுத்த வீடு. அழகாக இருக்கும், அதற்கு மேல் கட்ட முடியாது. நாங்கள் கம்பி விட்டு வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் இந்த வழக்கு வந்தால் எப்படித் தீர்ப்புச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள், சகோதரிகளே. அடுத்த இதழில் மழைக்காலத்து மாவு புளிக்கும் பக்குவத்தோடு வருகிறேன்.